அப்பா மூன்றாகப் பிரித்தார்... மகன் ஒட்ட வைக்கணும்! பிலிப்பைன்ஸ் கல்வியும் அங்காரா குடும்பமும்

பிலிப்பைன்ஸில் 10 வயதுள்ள 100 குழந்தைகளிடம் ஒரு சின்னக் கதையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால், 91 பேரால் அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. இது உலக வங்கி 2022-ல் வெளியிட்ட மதிப்பீடு. தாய்மொழியோ ஆங்கிலமோ என்ற சண்டையெல்லாம் அப்புறம். வயதுக்கேற்ற எளிய பத்தி ஒன்றைப் படிக்கத் தெரியவில்லை, அவ்ளோதான் விஷயம்.

இந்தப் பிரச்னையைச் சரிசெய்யும் பொறுப்பு இப்போது சன்னி அங்காரா என்ற அமைச்சரின் கையில் இருக்கிறது. கல்வி அமைச்சராக இருந்த துணை அதிபர் சாரா டுடெர்டே ராஜினாமா செய்த பிறகு, 2024 ஜூலையில் அவர் இந்தப் பதவிக்கு வந்தார். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஹார்வர்டு என்று பெரிய பெரிய இடங்களில் படித்தவர். 11 வருடம் செனட்டர். அவரைப் பற்றி எழுதும் அந்த ஊர் பத்திரிகைகள் இன்னொரு பெயரையும் சேர்த்தே எழுதுகின்றன. எட்கார்டோ அங்காரா, அதாவது சன்னியின் அப்பா.

காரணம் இருக்கிறது. இன்றைக்கு மகன் உட்கார்ந்திருக்கும் அமைச்சகம் இந்த வடிவத்தில் இருப்பதற்கே அப்பாதான் முக்கியக் காரணம். 30 வருடத்துக்கு முன்னால் அந்த நாட்டின் கல்வித்துறையைப் பிரித்து மேய்ந்து, மூன்று துண்டாக மாற்றி அமைத்தவர் அவர். அந்த மூன்று துண்டும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதில்லை என்பதுதான் இப்போதைய பஞ்சாயத்து.

யார் இந்த எட்கார்டோ அங்காரா? பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஒருவர் எப்படி ஐந்தாறு அதிபர்களைத் தாண்டி அதிகார வட்டத்திலேயே இருந்தார்? அவர் விட்டுச்சென்றது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

பலேரில் இருந்து வந்த வக்கீல்

1934 செப்டம்பர் 24. லூசோன் தீவின் கிழக்குக் கடற்கரையில் பலேர் என்ற சின்ன ஊரில் பிறந்தார் எட்கார்டோ. மலைக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் காடு. சினிமா ரசிகர்களுக்கு இந்த ஊரைத் தெரிந்திருக்கும். 'அபோகலிப்ஸ் நவ்' படத்தில் வரும் அந்த அலைச்சறுக்குக் காட்சி எடுத்த இடம் இதுதான். பிலிப்பைன்ஸ் அதிபராக இருந்த மானுவல் கெசோன் பிறந்ததும் இங்கேதான்.

இன்னொரு கதையும் உண்டு. ஸ்பெயின் ஆட்சி முடிந்துபோனது தெரியாமல், அல்லது நம்பாமல், ஒரு ஸ்பானியப் படைப்பிரிவு பலேர் தேவாலயத்துக்குள் 337 நாள் அடைந்து கிடந்தது. 1899-ல் அவர்கள் சரணடைந்தபோது, அவர்களை எதிரிகளாக நடத்த வேண்டாம் என்று பிலிப்பைன்ஸ் தரப்பு முடிவெடுத்தது. இந்தச் சம்பவத்தின் நினைவாக ஜூன் 30-ஐ பிலிப்பைன்ஸ்-ஸ்பெயின் நட்பு தினமாக அறிவிக்கும் சட்டத்தை 2003-ல் கொண்டுவந்தவர் நம்ம எட்கார்டோதான். ஊர்ப்பாசத்தைக்கூட சட்டமாக மாற்றிவிடுகிற ஆள்!

பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1958-ல் சட்டம் முடித்தார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுநிலைச் சட்டம். 1971-ல் புதிய அரசியல் சாசனம் எழுதக் கூடிய மாநாட்டுக்கு உறுப்பினராகத் தேர்வானார். 1972-ல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சட்ட நிறுவனம் தொடங்கினார். ஐந்து பங்குதாரர்களின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'அக்ரா' என்று அழைக்கப்பட்ட அந்த நிறுவனம், நாட்டின் பெரிய சட்ட நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது.

1972 என்றதும் இன்னொன்று ஞாபகம் வரணும். ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ராணுவச் சட்டத்தை அறிவித்த வருடம் அது. இந்தச் சட்ட நிறுவனம் வளர்ந்தது அந்தக் காலத்தில்தான். மார்கோஸ் ஆட்சி கவிழ்ந்த பிறகு, தென்னை விவசாயிகளிடம் வசூலித்த வரிப்பணம் யார் யார் கைக்குப் போனது என்ற பெரிய வழக்கில், நிறுவனத்தின் வக்கீல்கள் பெயரும் சேர்க்கப்பட்டது. எட்கார்டோவும் அதில் ஒருவர். கட்சிக்காரர் யார் என்று சொல்லும்படி வக்கீல்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அவர்களை வழக்கில் இருந்து விடுவித்தது. அந்தத் தீர்ப்பு இன்றைக்கும் அங்கே சட்டக் கல்லூரிகளில் பாடம்.

வக்கீல் எப்படி துணைவேந்தர் மாதிரி பதவிக்கு வந்தார்?

1981. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவி எட்கார்டோவுக்கு வருகிறது. அங்கே 'யு.பி.' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். (உத்தரப்பிரதேசம் இல்லீங்க!) நம்ம ஊர்க் கணக்கில் துணைவேந்தர் மாதிரியான பதவி, ஆனால் அந்தஸ்து அதைவிடக் கொஞ்சம் கூட. 1908-ல் தொடங்கப்பட்ட இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பிற்பாடு அதிபரானவர்கள் பலர். மார்கோஸும் இங்கே சட்டம் படித்தவர்தான். அந்த மார்கோஸை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களும் இதே வளாகத்தில் இருந்து வந்தவர்கள்தான். 1971-ல் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து மாணவர்கள் டிலிமான் வளாகத்தையே தடுப்பு போட்டுக் கைப்பற்றி வைத்திருந்தார்கள்.

அப்பேர்ப்பட்ட இடத்துக்கு, பேராசிரியராக இல்லாத ஒரு கார்ப்பரேட் வக்கீல் தலைவராக வந்தால் எப்படி இருக்கும்? வெளியாள் என்றுதானே பார்ப்பார்கள்! அவர் செய்தது நிர்வாகச் சீரமைப்பு. 1983-ல், கலை அறிவியல் கல்லூரி என்ற மிகப்பெரிய ஒற்றைக் கல்லூரி மூன்றாகப் பிரிந்தது. கலை-இலக்கியம் ஒன்று, சமூக அறிவியல்-தத்துவம் ஒன்று, அறிவியல் ஒன்று.

இந்த 'மூன்று' என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி திரும்ப வரும்.

அதே 1983 ஆகஸ்ட் 21-ல் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அகினோ மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. அடுத்த இரண்டரை வருடத்தில் மார்கோஸ் நாட்டை விட்டே ஓடும் நிலை வந்தது. மார்கோஸ் காலத்தில் நியமனமான பலருடைய நாற்காலி 1986-ல் ஆட்டம் கண்டது. எட்கார்டோவுடையது ஆடவில்லை. 1987 வரை பல்கலைக்கழகத் தலைவராக இருந்துவிட்டு, அதே வருடம் நடந்த செனட் தேர்தலில் அதிபர் கோரசோன் அகினோவின் அணியில் நின்று ஜெயித்தார். மார்கோஸ் காலத்தில் வந்த பதவியில் இருந்து, மார்கோஸை வீழ்த்தியவரின் அணிக்கு ஒரே தாவல்.

அந்த நாட்டில் செனட் என்பது மொத்தமே 24 பேர். தொகுதி கிடையாது. நாடு முழுக்க ஒரே தொகுதி. அதனால் ஒவ்வொரு செனட்டரும் கிட்டத்தட்ட ஒரு குட்டி அதிபர் வேட்பாளர் மாதிரிதான் தன்னை நினைத்துக்கொள்வார். எட்கார்டோ அந்த 24 பேரில் ஒருவராக 1987 முதல் 1998 வரையும், 2001 முதல் 2013 வரையும் இருந்தார். மொத்தம் 23 வருடம்.

அவர் போட்ட சட்டங்கள்: இன்றைக்கும் செய்தியில்

இவரை வெறும் தாவல் அரசியல்வாதி என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம் இந்தப் பட்டியல்தான்.

அரசு உயர்நிலைப் பள்ளிக் கல்வி இலவசம் என்ற 1988-ம் ஆண்டு சட்டம் அவர் கொண்டுவந்தது. அதற்கு முன்பு தொடக்கப் பள்ளி முடித்த ஏழைப் பிள்ளைகளுக்கு அடுத்த படியில் கட்டணம் என்ற சுவர் இருந்தது. அரசுப் பள்ளியில் இடமில்லாத பிள்ளைகள் தனியார் பள்ளியில் படிக்க அரசு உதவித்தொகை தரும் திட்டம் 1989-ல் வந்தது. அதிலும் அவர் பங்கு உண்டு. மூத்த குடிமக்களுக்கு மருந்து, பேருந்துக் கட்டணம், ஹோட்டல் பில் எல்லாவற்றிலும் சலுகை தரும் சட்டம் 1992-ல். மணிலாவில் எந்த உணவகத்துக்குப் போனாலும் பெரியவர்கள் ஒரு அட்டையை நீட்டித் தள்ளுபடி கேட்பதைப் பார்க்கலாம். அந்த அட்டைக்குப் பின்னால் இருப்பது இந்தச் சட்டம்தான்.

1995-ல் தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம். அதில் உருவானதுதான் 'பில்ஹெல்த்' என்ற அரசு காப்பீட்டு நிறுவனம். அது இப்போதும் தலைப்புச் செய்தி. 2024-ல், அந்த நிறுவனத்தில் 'செலவாகாமல்' கிடக்கும் 8,990 கோடி பெசோவை அரசின் பொதுக் கஜானாவுக்கு மாற்றச் சொன்னார்கள். 6,000 கோடி கைமாறிய பிறகு, மீதியை மாற்றக் கூடாது என்று அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அதோடு நிற்கவில்லை. 2025 பட்ஜெட்டில் அந்த நிறுவனத்துக்கு அரசு மானியம் பூஜ்ஜியம். ஆஸ்பத்திரி பில்லுக்காகக் கடன் வாங்குகிற மக்கள் இருக்கும் நாட்டில், காப்பீட்டு நிறுவனத்தில் பணம் மிச்சம் என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

நல்ல சட்டம் போட்டாச்சு, நிறுவனம் ஆரம்பிச்சாச்சு. அதை ஒழுங்காக நடத்துவது யார் என்பதுதான் பதில் இல்லாமல் தொங்குகிறது. எட்கார்டோவின் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. கல்வியில் அது இன்னும் பச்சையாகத் தெரியும்.

1991 அறிக்கை என்ன சொன்னது?

1990-ல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து ஒரு கல்வி ஆணையம் அமைத்தன. சுருக்கமாக 'எட்காம்'. அதன் தலைவர், பல்கலைக்கழகத் தலைவராக இருந்துவிட்டு வந்த செனட்டர் எட்கார்டோ அங்காரா. பொருத்தமான ஆள் என்று யாரும் ஒத்துக்கொள்வார்கள்.

1991-ல் வந்த அறிக்கை சுற்றி வளைக்கவில்லை. கல்வியின் தரம் விழுந்துகொண்டே இருக்கிறது, அதற்கு இரண்டு காரணம் என்றது. ஒன்று, அரசு கல்விக்குப் போதுமான பணம் போடுவதில்லை. இரண்டு, இருக்கும் நிர்வாகம் மோசம்.

நிர்வாகத்துக்கு அது சொன்ன மருந்துதான் மூன்றாகப் பிரிப்பது. அதுவரை மழலையர் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை, தொழிற்கல்வியும் சேர்த்து, எல்லாம் ஒரே துறையின் தலையில். அமைச்சர் காலையில் ஓட்டை வகுப்பறையைப் பார்க்கணும், மதியம் முனைவர் பட்டத்தைப் பார்க்கணும். இது நடக்காத காரியம் என்று எட்காம் சொன்னதில் நியாயம் இருந்தது. 1994 மே மாதம் உயர்கல்விக்கு 'செட்' என்ற தனி ஆணையம் வந்தது. அதே வருடம் ஆகஸ்டில் தொழிற்பயிற்சிக்கு 'டெஸ்டா' என்ற தனி அமைப்பு. பள்ளிக்கல்வி மட்டும் பழைய துறையிலேயே மிஞ்சியது. 2001-ல் அதற்கும் புதுப் பெயர் வைத்து, இன்றைய கல்வித் துறை ஆனது.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு கனெக்‌ஷன் உண்டு. தமிழ்நாட்டில் இருந்து மருத்துவம் படிக்க தாவோ, மணிலா என்று போகிற பிள்ளைகள் நிறைய. அங்கே மருத்துவக் கல்லூரிகளுக்கு விதி வகுப்பது இந்த 'செட்'தான். 2021 நவம்பரில் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம், வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்கணும் என்று விதி போட்டது. பிலிப்பைன்ஸில் முதலில் ஒரு இளநிலை அறிவியல் பட்டம், அதற்குப் பிறகு 4 வருட எம்.டி. 4 வருடம் என்றால் 48 மாதம்தானே? அந்த 6 மாத இடைவெளியில் எத்தனை பெற்றோர் தூக்கம் தொலைத்தார்கள் என்பது அந்த நேரத்தில் செய்தி பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அறிக்கை இரண்டு நோய் சொன்னது இல்லையா? பிரிப்பது என்ற மருந்து இரண்டாவது நோய்க்கு. அது உடனே நடந்துவிட்டது. ஏனென்றால் புது அமைப்பு என்றால் புதுத் தலைவர், புதுக் கட்டடம், புதுப் பதவிகள். எந்த அரசியல்வாதிக்கும் கசக்காது. முதல் நோய், அதாவது பணம், அப்படியே கிடந்தது. பட்ஜெட்டில் கல்விக்கே முதலிடம் தரணும் என்று 1987 அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

30 வருடம் கழித்து ரிசல்ட் என்ன?

2018-ல் பிலிப்பைன்ஸ் முதல் முறையாக 'பிசா' தேர்வில் கலந்துகொண்டது. 15 வயது மாணவர்களின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறனை நாடு நாடாக ஒப்பிடும் தேர்வு இது. 79 நாடுகள் மற்றும் பகுதிகளில் வாசிப்பில் பிலிப்பைன்ஸுக்குக் கடைசி இடம். மதிப்பெண் 340. 2022-ல் மறுபடியும் எழுதினார்கள். வாசிப்பில் 347. ஏழு மதிப்பெண் கூடியிருக்கிறது. மொத்தத்தில் கடைசி சில இடங்களில்தான் நாடு இருந்தது.

இதற்கு நடுவில் பள்ளிப் படிப்பை 10 வருடத்தில் இருந்து 12 வருடமாக நீட்டும் சட்டம் 2013-ல் வந்தது. 2017-ல் அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பு இலவசம் என்ற சட்டம் வந்தது. இந்த இரண்டாவது சட்டத்தின் பின்னால் நின்றவர்களில் செனட்டர் சன்னி அங்காராவும் ஒருவர். அப்பா உயர்நிலைப் பள்ளியை இலவசமாக்கினார், மகன் கல்லூரியை இலவசமாக்க உதவினார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 10 வயதில் படிக்கத் தெரியாத பிள்ளை அந்த இலவசக் கல்லூரி வாசல் வரை எப்படி வரும்? பெரும்பாலும் வராது. கல்லூரி வரை தாக்குப்பிடிப்பவர்கள் ஓரளவு வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான். இலவசத்தின் பலனும் அவர்களுக்கே அதிகம் போகிறது என்ற விமர்சனம் அங்கே பொருளாதார வல்லுநர்கள் மத்தியில் உண்டு.

2022 ஜூலையில் 'எட்காம் 2' என்ற பெயரில் இரண்டாவது ஆணையம் அமைக்கும் சட்டம் வந்தது. அதன் முதல் வருட அறிக்கை 2024 ஜனவரியில் வெளியானது. அதில் ஒரு தகவல் படித்தவுடன் நிமிர்ந்து உட்கார வைத்தது: 2012-ல் இருந்து 1 முதல் 10-ம் வகுப்பு வரைக்கும் சேர்த்து வாங்கப்பட்ட பாடநூல் தலைப்புகள் வெறும் 27. பணம் இல்லாததால் மட்டும் இப்படி ஆகவில்லை. ஒதுக்கிய பணத்தை வைத்து டெண்டர் விட்டு, நூலைச் சரிபார்த்து, அச்சடித்துப் பள்ளிக்கு அனுப்பத் தெரியவில்லை. பாடத்திட்டம் மாறிக்கொண்டே இருந்தது, புத்தகம் வரவே இல்லை. ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்? பிரின்ட் எடுத்து, ஜெராக்ஸ் போட்டு ஓட்டினார்கள்.

எட்கார்டோ பிரித்த அந்த மூன்று துறைகளைப் பற்றியும் இரண்டாவது ஆணையம் பேசியது. பிரித்தார்கள், ஆனால் மூன்றையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவருவதற்கு ஒரு உறுதியான ஏற்பாடு இல்லை. ஆசிரியர் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியராகப் போகிறவருக்குப் பட்டம் தரும் கல்லூரிகள் 'செட்' கட்டுப்பாட்டில். அவர் எழுத வேண்டிய தகுதித் தேர்வை நடத்துவது இன்னொரு ஆணையம். கடைசியில் வேலை தருவது கல்வித் துறை. வகுப்பறையில் என்ன தேவை என்று தெரிந்தவர் ஒருவர், பாடம் வகுப்பவர் இன்னொருவர், தேர்வு வைப்பவர் மூன்றாமவர். இதில் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித்தருவது யார் பொறுப்பு?

என் கருத்தைக் கேட்டால், இதற்கான பழியை முழுசாக எட்கார்டோ மேல் போடுவது நியாயமில்லை. 1991 அறிக்கையில் இருந்ததில் பாதியைக்கூட அதற்கப்புறம் வந்த அரசுகள் செய்யவில்லை. ஆனால் அந்த 'அப்புறம் வந்த அரசுகள்' எல்லாவற்றின் பக்கத்திலும் எட்கார்டோவே நின்றுகொண்டிருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. 1993-ல் இருந்து 1995 வரை செனட் தலைவரே அவர்தான். நினைத்திருந்தால் அழுத்திப் பிடித்திருக்கலாம்.

ஒரு டைரியும் ஒரு அதிபரும்

இவர் வாழ்க்கையில் சினிமாத்தனமான பகுதி ஒன்று உண்டு. 1998 தேர்தலில், நடிகராக இருந்து அரசியலுக்கு வந்த ஜோசப் எஸ்ட்ராடா அதிபர் வேட்பாளர். எட்கார்டோ அவருடைய துணை அதிபர் வேட்பாளர். அந்த நாட்டில் இரண்டுக்கும் தனித்தனி ஓட்டு. எஸ்ட்ராடா ஜெயித்தார். எட்கார்டோ, குளோரியா மகபகால் அரோயோவிடம் தோற்றார். எஸ்ட்ராடா அவரைக் கைவிடவில்லை. 1999-ல் விவசாய அமைச்சர் ஆக்கினார்.

2001 ஜனவரி. சூதாட்ட லஞ்சப் புகாரில் எஸ்ட்ராடா மீது செனட்டில் பதவிநீக்க விசாரணை நடக்கிறது, தெருவில் கூட்டம் கூடுகிறது. அந்த நேரத்தில் எட்கார்டோவை நிர்வாகச் செயலாளராக நியமிக்கிறார். அங்கே 'குட்டி அதிபர்' என்றே அழைக்கப்படும் பதவி அது. இரண்டு வாரம்தான் நீடித்தது. ஜனவரி 20-ல் எஸ்ட்ராடா மாளிகையை விட்டு வெளியேறினார், அரோயோ பதவியேற்றார். ராஜினாமா கடிதம் என்று எதுவும் கிடையாது.

பிறகுதான் ட்விஸ்ட். அந்தக் கடைசி நாட்களில் மாளிகைக்குள் என்ன நடந்தது என்று எட்கார்டோ எழுதி வைத்திருந்த டைரி, பிப்ரவரியில் 'பிலிப்பைன் டெய்லி இன்குவைரர்' நாளிதழில் தொடராக வந்தது. தான் ராஜினாமா செய்யவே இல்லை, இன்னமும் நானே அதிபர் என்று எஸ்ட்ராடா உச்ச நீதிமன்றம் போனபோது, நீதிபதிகள் அந்த டைரியை எடுத்து வாசித்தார்கள். அதில் பதிவாகியிருந்த பேச்சுகளையும் மற்ற நடவடிக்கைகளையும் சேர்த்துப் பார்த்து, அவர் மனதளவில் பதவியை விட்டுவிட்டார், எனவே ராஜினாமா செய்ததாகவே கொள்ளணும் என்று மார்ச் 2-ல் தீர்ப்பு வந்தது. நம்பி வைத்த ஆளின் டைரியே எதிராகத் திரும்பினால்! அதைச் செவிவழிச் சாட்சி என்று எஸ்ட்ராடா தரப்பு ஆட்சேபித்தும் பலிக்கவில்லை.

அதே 2001 மே மாதம் எட்கார்டோ மறுபடி செனட்டர். 2004-ல் அரோயோவை எதிர்த்து நடிகர் ஃபெர்னாண்டோ போ ஜூனியருக்கு ஆதரவு. 2007-ல் அதே அரோயோவின் அணியில் நின்று வெற்றி. 2017-ல் அதிபர் ரோட்ரிகோ டுடெர்டே அவரை ஐரோப்பிய யூனியனுக்கான சிறப்புத் தூதராக்கினார். 2018 மே 13-ல், 83 வயதில் காலமானார்.

இவ்வளவு முகாம் மாறியும் அவர் மேல் பெரிய வெறுப்பு எழாததற்குக் காரணம், எந்த முகாமில் இருந்தாலும் ஒரு மசோதாவைக் கையில் வைத்திருந்தார் என்பதுதான் என்று தோன்றுகிறது. கொள்கைக்காகக் கட்சி மாறினாரா, பதவிக்காகவா என்று கேட்டால், இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

குடும்பம் என்ற கட்சி

பலேர் இருக்கும் அவுரோரா மாகாணத்தில் அங்காரா என்ற பெயர் இல்லாத ஓட்டுச்சீட்டைத் தேடணும். எட்கார்டோவின் தங்கை பெல்லாஃப்ளோர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் கவர்னராகவும் இருந்தார். மகன் சன்னி 2004 முதல் 2013 வரை அங்கே எம்.பி. 2013-ல் அப்பாவின் செனட் காலம் முடிந்த அதே தேர்தலில் மகன் செனட்டர். 2019-ல் இருந்து குடும்பத்தின் இன்னொருவரான ரோம்மெல் அங்காரா எம்.பி. ஆனார்.

1987 அரசியல் சாசனம் அரசியல் வாரிசுக் குடும்பங்களைத் தடை செய்யணும் என்றே சொல்கிறது. ஆனால் 'சட்டம் வரையறுக்கிறபடி' என்று ஒரு வால் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் போட வேண்டியவர்கள் யார்? அதே குடும்பத்து எம்.பி.க்கள். 2016-ல் இளைஞர் மன்றத் தேர்தலுக்கு மட்டும் ஒரு தடை கொண்டுவந்தார்கள். அதாவது ஊர் அளவில் பொடிப்பசங்க போட்டியிடும் பதவிக்கு வாரிசு கூடாது, செனட்டுக்குப் பரவாயில்லை!

குடும்ப அதிகாரம் உள்ளூரில் எப்படி இறங்குகிறது என்பதற்கு உதாரணம் கசிகுரான். அவுரோராவின் வடக்கில் இருக்கும் இந்த ஊரில் ஒரு சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைக்க அப்பா செனட்டிலும் மகன் கீழவையிலும் இருந்தபடி 2007-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். 2010-ல் அதன் பரப்பு 12,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்தது. நிலம் போய்விடும் என்று பயந்த விவசாயிகள், மீனவர்கள், அக்தா பழங்குடி மக்கள் 2012-ல் கசிகுரானில் இருந்து மணிலாவுக்கு நடந்தே போனார்கள். 300 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே அதிபர் பெனிக்னோ அகினோவை நேரில் பார்த்துப் பேசினார்கள். வேலைவாய்ப்பு வரும் என்பது அங்காரா தரப்பு வாதம். நடந்து வந்தவர்களிடம் முதலில் யாராவது கேட்டார்களா என்பது மக்கள் தரப்பு கேள்வி.

இப்போ மகன் என்ன செய்கிறார்?

சன்னி அங்காரா பதவிக்கு வந்தபோது நாடு முழுக்க 1,65,000 வகுப்பறைகள் பற்றாக்குறை. பல பள்ளிகளில் காலை ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட். ஆசிரியர்களின் எழுத்து வேலையைக் குறைப்பது, பின்தங்கிய பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்துவது, பாடநூல் கொள்முதலை வேகப்படுத்துவது என்று வேலை ஆரம்பித்தார். சாரா டுடெர்டே காலத்தில் கல்வித் துறைக்கு ஒதுக்கிய 'ரகசிய நிதி' பெரிய சர்ச்சை ஆகியிருந்தது. ஸ்கூல் நடத்துவதற்கு எதுக்கு ரகசிய நிதி என்று ஜனங்க கேட்டார்கள். புது அமைச்சர் அப்படி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் வந்த ஆறு மாதத்துக்குள் அவருக்குக் கிடைத்தது ஒரு அடி. 2025 பட்ஜெட்டில், பள்ளிகளுக்குக் கணினி வாங்கும் திட்டத்தில் இருந்து நாடாளுமன்றம் சுமார் 1,000 கோடி பெசோவை வெட்டியது. அவரே பொதுவெளியில் வருத்தப்பட்டார். வெட்டியவர்களில் பெரும்பாலானோர் அவரோடு பல வருடம் ஒன்றாக உட்கார்ந்தவர்கள். செனட்டில் நிதிக் குழுத் தலைவராக இருந்து பட்ஜெட்டைக் கையாண்டவர் வேறு. அதாவது கத்தரிக்கோல் எப்படி வேலை செய்யும் என்பது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை.

அப்பாவுக்கு 23 வருடம் செனட்டில் நேரம் இருந்தது. மகனுக்கு அப்படி இல்லை. அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ஜூனியரின் பதவிக்காலம் 2028 ஜூன் 30-ல் முடிகிறது. ஆமாம், எட்கார்டோ பல்கலைக்கழகத் தலைவரானபோது ஆட்சியில் இருந்த அந்த மார்கோஸின் மகன்தான் இவர். அதிபர் மாறினால் அமைச்சரும் மாறுவார். 2025-ல் நடந்த பிசா தேர்வின் முடிவு வெளியாவது 2026-ல். அதை எழுதிய 15 வயதுப் பிள்ளைகளில் பலர், சன்னி பதவிக்கு வந்தபோது ஒன்பதாம் வகுப்பில், பாடநூல் இல்லாமல் ஜெராக்ஸ் தாளை வைத்துப் படித்துக்கொண்டிருந்தவர்கள்.